வெவ்வேறு விளையாட்டு, ஒரே பட்டியல்: இன்றைய சிறந்த வீரர்களை வரிசைப்படுத்துவது எப்படி?

கிரிக்கெட்டின் பும்ராவா, பேஸ்பாலின் ஒட்டானியா? இந்தக் கேள்வியை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். நூறு செய்தி வந்திருக்கும், முடிவு மட்டும் வந்திருக்காது. ஒருவர் விக்கெட் கணக்கைச் சொல்வார், இன்னொருவர் ஹோம் ரன் (பேஸ்பாலின் சிக்ஸர் மாதிரி) கணக்கைச் சொல்வார், மூன்றாமவர் சம்பளத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார். லிட்டரையும் மீட்டரையும் கூட்டிக் கழிக்கிற கதைதான்.

ஆனாலும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. நானே சில முறை பட்டியல் போட்டு, நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, திருத்தித் திருத்தி வந்து சேர்ந்த வழி இது. ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் ஒரு விடுமுறை நாளும் போதும். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் சரி.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"சிறந்த வீரர்" என்ற இரண்டு சொற்களுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வரலாற்றில் பெரியவர் யார்? இன்றைக்கு களத்தில் இறங்கினால் யாரை வெல்வது கடினம்? யாருக்குப் புகழ் அதிகம்? பெரும்பாலான சண்டைகள் ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவதற்கும் பதில் சொல்வதால்தான் வருகின்றன.

டென்னிஸில் நோவாக் ஜோகோவிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 24 கிராண்ட் ஸ்லாம் (ஆண்டின் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகள்) ஒற்றையர் பட்டங்கள். வரலாற்றுப் பட்டியல் என்றால் அவரைத் தொடவே பயமாக இருக்கும். ஆனால் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் ஒன்றுகூட இல்லை (பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் தனிக் கணக்கு). "இன்றைய" பட்டியலில் அவருக்கு எங்கே இடம்? கேள்வியை எழுதி வைத்திருந்தால் பதில் தானாக வரும், இல்லாவிட்டால் மனசுதான் பதில் சொல்லும்.

என் தாளின் மேலே நான் எழுதி வைத்திருக்கும் வரி: "2024, 2025 ஆண்டுகளில், தன் விளையாட்டில் தனக்கு அடுத்தவரைவிட எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார்?"

படி 2: காலத்தைக் கட்டுங்கள்

ஆண்கள் டென்னிஸ் தரவரிசை கடைசி 52 வாரங்களைப் பார்க்கிறது. கோல்ஃப் உலகத் தரவரிசை இரண்டு ஆண்டுகளைப் பார்க்கிறது. வெவ்வேறு விளையாட்டுகளைக் கலக்கும்போது எனக்கு இரண்டு ஆண்டுதான் பிடித்திருக்கிறது. ஓராண்டு என்றால் ஒரு நல்ல சீசன் அடித்தவரெல்லாம் மேலே வந்துவிடுவார். நான்காண்டு என்றால் பழைய புகழ் உள்ளே நுழைந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் வரும். கால்பந்தில் ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது 2024இல் ரோட்ரிக்கு. அக்டோபரில் அதை வாங்க அவர் ஊன்றுகோலோடு மேடை ஏறினார், ஏனென்றால் செப்டம்பரிலேயே முழங்கால் போயிருந்தது. விருது முடிந்துபோன சீசனுக்கு, அவருடைய அப்போதைய நிலை வேறு. விருதுப் பட்டியலைப் பார்த்துப் பெயர் சேர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

படி 3: நீண்ட பட்டியல்

விளையாட்டுக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். உங்களுக்குத் தெரியாத விளையாட்டு என்றால் அதைப் பின்தொடரும் ஒருவரிடம் கேளுங்கள், விக்கிபீடியாவை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஆண், பெண் என்று பிரிக்க வேண்டிய அவசியமில்லை. நாம் ஒவ்வொருவரையும் அவரவர் போட்டியில் உடன் ஓடியவர்களோடுதான் ஒப்பிடப் போகிறோம், அதனால் ஒரே தாளில் இருக்கலாம்.

படி 4: இடைவெளியை அளங்கள்

இதுதான் முழு வேலையின் உயிர், கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

ஒட்டானியின் ஹோம் ரன்னையும் பும்ராவின் விக்கெட்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ஒட்டானி பேஸ்பாலில் மற்றவர்களைவிட எவ்வளவு விலகி நிற்கிறார், பும்ரா கிரிக்கெட்டில் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதை ஒப்பிட முடியும். அளவுகோல் வேறு வேறு, விலகலுக்கு மட்டும் பொது மொழி உண்டு.

எளிய கணக்கு: முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள இடைவெளியை, இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் உள்ள இடைவெளியால் வகுங்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக், ஆண்கள் கோலூன்றித் தாண்டுதல். ஆர்மண்ட் டுப்லாண்டிஸ் 6.25 மீட்டர், உலக சாதனை. வெள்ளி வாங்கிய சாம் கெண்ட்ரிக்ஸ் 5.95. வெண்கலம் வாங்கிய எம்மானுயில் கராலிஸ் 5.90. மேலே 30 சென்டிமீட்டர், கீழே 5. வகுத்தால் 6.

அதே ஒலிம்பிக், பெண்கள் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். சிட்னி மெக்லாஃப்லின்-லெவ்ரோன் 50.37 விநாடி, அதுவும் உலக சாதனை. அன்னா காக்ரெல் 51.87, ஃபெம்கே போல் 52.15. மேலே 1.50, கீழே 0.28. வகுத்தால் 5.3 சொச்சம்.

அதே ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். ததேய் பொகாச்சாருக்குப் பின்னால் யோனாஸ் விங்கேகார்ட் 6 நிமிடம் 17 விநாடி, ரெம்கோ எவனபூல் 9 நிமிடம் 18 விநாடி. மேலே 6:17, கீழே 3:01. வகுத்தால் 2.1 போல வரும்.

இப்போது அதே பாரிஸில் நடந்த ஆண்கள் 100 மீட்டர். நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்சன் 9.789. ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடி. தங்கம் தங்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் "தன் விளையாட்டில் தனித்து நிற்கிறார்" என்று எழுத இந்த ஓட்டம் உதவாது.

சரி, இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். கோலூன்றித் தாண்டுதலில் கம்பியை ஐந்து, பத்து சென்டிமீட்டர் என்று தவணையாக ஏற்றுவார்கள். கராலிஸும் 5.95ஐத் தாண்டியிருந்தால் கீழே இடைவெளி பூஜ்யம், பூஜ்யத்தால் எப்படி வகுப்பது? ஒரே போட்டியை வைத்து முடிவு கட்டினால் இப்படித்தான் ஆகும். இரண்டு ஆண்டுகளின் நான்கைந்து பெரிய போட்டிகளைப் பார்த்து, பொதுவாக எவ்வளவு விலகி நிற்கிறார் என்று ஒரு மதிப்புக்கு வாருங்கள். டுப்லாண்டிஸ் இந்த இரண்டு ஆண்டுகளில் 6.24இல் தொடங்கி 6.30 வரை ஏழு முறை உலக சாதனையை உயர்த்தியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சென்டிமீட்டர். (மனிதர் சேமிப்புக் கணக்கு மாதிரி எடுக்கிறார்.)

இந்த முறை திணறும் இன்னொரு இடம் டென்னிஸ். 2024, 2025இல் நடந்த எட்டு ஆண்கள் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம்களையும் யானிக் சின்னரும் கார்லோஸ் அல்கராஸும் ஆளுக்கு நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடைவெளியே இல்லை. அதற்காக இருவரும் சாதாரணம் என்று ஆகிவிடுமா? இரட்டைத் தலைமை உள்ள விளையாட்டில் மூன்றாமவரோடு ஒப்பிடுங்கள், கொஞ்சம் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரும் மோதிய 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதி 5 மணி 29 நிமிடம் நடந்தது, அல்கராஸ் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டைத் தப்பி வென்றார். அன்றைக்குத் தோற்றவரைக் கீழே தள்ள எனக்குக் கை வரவில்லை.

படி 5: குழு விளையாட்டில் அணியைக் கழியுங்கள்

கோப்பையை எண்ணினால் நல்ல அணியில் இருப்பவருக்கு லாபம், எண்ணாவிட்டால் தோற்கிற அணியில் எண்ணிக்கை சேர்ப்பவருக்கு லாபம். நடுவழி, அதே ஆட்டங்களில் விளையாடிய மற்றவர்களோடு ஒப்பிடுவது.

2024–25 ஆஸ்திரேலியத் தொடரில் இந்தியா 3–1 என்று தோற்றது. அதே ஐந்து டெஸ்டுகளில் பும்ரா 32 விக்கெட், சராசரி 13.06. அடுத்த இடத்தில், வென்ற அணியின் தலைவர் பேட் கம்மின்ஸ் 25 விக்கெட், சராசரி 21.36. அதே ஆடுகளம், அதே பந்து. தொடர் நாயகன் விருது தோற்ற அணிக்குப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. ஆனால் கடைசி டெஸ்டின் கடைசி இன்னிங்ஸில் முதுகுப் பிடிப்பால் அவர் பந்து வீசவே இல்லை, 2025 சாம்பியன்ஸ் டிராபிக்கும் வரவில்லை. இதையும் குறித்து வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

கூடைப்பந்தில் நிகோலா யோகிச் 2024–25 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட் (சக வீரர் கூடை போடப் பந்து கொடுப்பது). அந்த ஆண்டு எம்விபியும் (சீசனின் சிறந்த வீரர் விருது) கோப்பையும் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்குப் போயின. யார் மேலே என்று நான் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

படி 6: நான்கு தலைப்பு, நூறு மதிப்பெண்

இடைவெளிக்கு 40. பெரிய மேடையில் சாதித்ததற்கு 25. தொடர்ச்சிக்கு 20, இதில் காயத்தால் ஆடாத மாதங்களும் அடக்கம். போட்டியின் ஆழத்துக்கு 15.

கடைசித் தலைப்புக்கு விளக்கம் வேண்டும். கால்பந்தை உலகம் முழுக்க ஆடுகிறார்கள், ஒரு பந்து போதும். கோலூன்றித் தாண்ட கோல், மெத்தை, பயிற்சியாளர் எல்லாம் வேண்டும், அதனால் போட்டிக்கு வருகிறவர்களே குறைவு. குறைந்த கூட்டத்தில் தனித்து நிற்பது எளிது என்ற நியாயம் இதற்குள் இருக்கிறது. அதேசமயம் இந்த முறையில் கால்பந்து வீரர் முதலிடம் பிடிப்பது கடினம். ஆழத்தில் 15க்கு 15 வாங்குவார், ஆனால் அவ்வளவு பேருக்கு நடுவே இடைவெளி சிறுத்துவிடும். இந்தக் குறையைச் சரிசெய்ய எனக்கு வழி கிடைக்கவில்லை.

படி 7: கூட்டுங்கள், அப்புறம் ஆட்டிப் பாருங்கள்

என் தாளில் முதல் மூவர், தலைப்புகளின் அதே வரிசையில்:

பொகாச்சார்: 36, 24, 20, 10. மொத்தம் 90. 2024இல் ஜிரோ (இத்தாலியின் சைக்கிள் பந்தயம்), டூர், உலக சாம்பியன்ஷிப் மூன்றும், 2025இல் மறுபடி டூரும் உலக சாம்பியன்ஷிப்பும்.

டுப்லாண்டிஸ்: 40, 25, 20, 4. மொத்தம் 89.

ஒட்டானி: 36, 22, 17, 13. மொத்தம் 88. 2024இல் ஒரே சீசனில் 54 ஹோம் ரன்னும் 59 பேஸ் திருடலும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிப்பது). ஐம்பது-ஐம்பதைத் தொட்டவர் அதற்கு முன் யாரும் இல்லை. ஆனால் முழங்கை அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு முழுக்கப் பந்து வீசவில்லை, 2025 ஜூனில்தான் திரும்பினார். தொடர்ச்சியில் மூன்று குறைத்தது அதற்குத்தான்.

கோல்ஃப் வீரர் ஷெஃப்லர் 84, மெக்லாஃப்லின்-லெவ்ரோன் 83. பும்ரா 77, அதுவும் தொடர்ச்சியில் அடிபட்டு.

இப்போது ஆழம் என்ற தலைப்பை எடுத்துவிட்டுக் கூட்டுங்கள். டுப்லாண்டிஸ் 85, பொகாச்சார் 80, ஒட்டானி 75. அதே தலைப்புக்கு இரட்டிப்பு மதிப்பெண் கொடுங்கள். ஒட்டானி 101, பொகாச்சார் 100, டுப்லாண்டிஸ் 93. வீரர்கள் யாரும் எதுவும் செய்யவில்லை, நான் ஒரு தலைப்பின் எடையை மாற்றினேன், முதலிடம் மூன்று கை மாறிவிட்டது.

அதனால் 1, 2, 3 என்று எண் போடுவதை நான் விட்டுவிட்டேன். எடையை எப்படி மாற்றினாலும் மேலேயே நிற்பவர்கள் முதல் அடுக்கு. இந்த மூவரும் அதில், அகர வரிசையில். அடுத்து 80க்கு மேல் இருப்பவர்கள் இரண்டாம் அடுக்கு. பட்டியலை யாருக்காவது அனுப்பினால் எடைகளையும் தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். சண்டை வரத்தான் செய்யும், ஆனால் "உனக்கு கிரிக்கெட் பிடிக்காது" என்று வராது, "ஆழத்துக்கு 15 போதாது" என்று வரும். அது பேசித் தீர்க்கக்கூடிய சண்டை.

படி 8: பெயரை மறையுங்கள்

எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, பெயர், நாடு, விளையாட்டு மூன்றையும் அழித்த ஒரு பிரதியை இன்னொருவரிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லுங்கள். நான் ஒரு நண்பனிடம் கொடுத்தேன். "இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் உள்ளதைவிட ஆறு மடங்கு இடைவெளி, இரண்டு ஆண்டில் ஏழு உலக சாதனை" என்ற வரிக்கு யோசிக்காமல் 40 போட்டான். கோலூன்றித் தாண்டுதல் என்று சொன்னதும் பேனாவை எடுத்து 30 ஆக்கினான். ஆழத்துக்குத்தான் ஏற்கெனவே 11 குறைத்தாயிற்றே என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 38 என்று எழுதிக் கொடுத்தான்.