புடவை ஷேப்வேர்: தைக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது?

நாடா கட்டும் உள்பாவாடைக்குப் பதிலாக ஷேப்வேர், அதாவது இழுபடும் துணியில் உடம்போடு ஒட்டி நிற்கும் பாவாடை, தைத்துப் பார்ப்பவர்கள் முதலில் கைவைப்பது அளவில்தான். சீட் அளவு (பின்பக்கம் அகலமான இடத்தின் சுற்றளவு) 40 அங்குலம் என்றால் 32க்கு வெட்டிவிடுவார்கள். போட்டதும் வயிறு உள்ளே போகும், சரி. சாப்பிட்டு உட்கார்ந்தால் மேல்பட்டி சுருண்டு இறங்கும், அதற்கு மேலே சதை பிதுங்கும். எதை மறைக்க நினைத்தோமோ அது புடவைக்கு மேலேயே வரியாகத் தெரியும். என் முதல் இரண்டு மீட்டர் துணி இப்படித்தான் பாழாய்ப் போனது.

பிடிமானம் துணியிலேயே இருக்க வேண்டும். வாங்கும்போதே 10 சென்டிமீட்டர் அளந்து இழுத்துப் பாருங்கள். 15 வரை வந்தால் 50 சதவீதம் நீள்கிறது என்று கணக்கு. விட்டதும் பழையபடி 10க்கே வருகிறதா என்பதுதான் முக்கியம். பத்தரையில் நின்றுவிட்டால் அந்தத் துணி சாயங்காலத்துக்குள் தொளதொளத்துவிடும். மலிவான லெகின்ஸ் துணி பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். லைக்ரா என்னும் நீளும் இழை நன்றாகக் கலந்த நைலான் துணி என்றால் 40க்கு 36 வைத்தாலே போதும்.

அதிகம் நீளும் பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி வெட்டுங்கள். ரோலிலிருந்து பிரித்த துணியை ஒரு நாள் விரித்துப் போட்டுவிட்டு அப்புறம் கத்தரியை எடுங்கள். சுற்றும்போது இழுபட்டதெல்லாம் தளர்ந்து நிலைக்கு வந்துவிடும்.

நன்றாகப் பிடிக்கட்டும் என்று முழுக்க இரண்டு அடுக்கு வைப்பது நம் வெயிலுக்குத் தண்டனை. வயிற்றுப் பகுதிக்கு மட்டும் உள்ளே பவர்நெட் (இறுக்கிப் பிடிக்கும் வலைத்துணி) கொடுங்கள்.

நேர்த்தையல் போட்டால் முதல் தடவை ஏற்றும்போதே நூல் படபடவென்று அறும். ஓவர்லாக் மெஷினில் தையுங்கள், இல்லாவிட்டால் ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) போடுங்கள். ஊசியும் ஸ்ட்ரெட்ச் ஊசியாக இருக்கட்டும். சாதா ஊசி துணியில் பொத்தல் போடும்.

இடுப்புப் பட்டிக்கு மெல்லிய எலாஸ்டிக் வைக்காதீர்கள். ஷேப்வேரை மட்டும் போட்டால் நிற்கும். பட்டுப்புடவையின் கொசுவத்தைச் செருகியதும் கனத்தில் இறங்கிவிடும். ஒன்றரை அங்குல அகலமாவது வேண்டும். உள்ளே ஒரு நாடாவும் ஓட்டிவிட்டால் நிம்மதி.

கடைசியாக, முட்டிக்குக் கீழே பிளவு. கண்ணாடி முன் நின்று பார்த்தால் இதன் அருமை தெரியாது. பஸ் படி ஏறுகிற மாதிரி காலைத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனால் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்த வேண்டியதுதான்.