பட்டப்பகலில் வால்நட்சத்திரம்: பைனாகுலரில் தேடும் முறை

2007 ஜனவரி நடுவில் மெக்நாட் வால்நட்சத்திரம் சூரியனுக்குச் சில டிகிரி தள்ளி, வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக, பகலிலேயே தெரிந்தது. அப்படி ஒன்று மீண்டும் வந்தால் முதலில் சூரியனை மறைக்க நல்ல சுவராகத் தேடுங்கள். பைனாகுலர் வழியே சூரியன் ஒரு நொடி பட்டாலும் பார்வை நிரந்தரமாகப் போகலாம். சூரிய ஃபில்டர் இங்கே உதவாது. அது வால்நட்சத்திரத்தையும் சேர்த்து மறைத்துவிடும். சுவரின் நிழல் ஒன்றே காப்பு.

வால்நட்சத்திரம் சூரியனுக்குக் கிழக்கே இருந்தால் பிற்பகல்தான் வசதி. உயரமான கட்டடத்துக்குக் கிழக்கே, அதன் நிழலுக்குள் ஓரிரு அடி தள்ளி நில்லுங்கள். சூரியன் கூரைக்குப் பின்னே இறங்கிக்கொண்டே போகும். வால்நட்சத்திரம் கூரைக்கு மேலே நிற்கும். காலையில் இதே வேலையைச் செய்தால் சூரியன் சுவரைத் தாண்டி ஏறி வந்து கண்ணில் அடிக்கும். கட்டடம் தொலைவில் இருப்பது நல்லது. 5 மீட்டரில் உள்ள தூணை நம்பினால், தலை 10 செ.மீ. நகர்ந்தாலே மறைப்பு 1 டிகிரிக்கு மேல் விலகிவிடும். இலை இடுக்கில் வெயில் பாயும் மரம் வேண்டவே வேண்டாம்.

சூரியனிலிருந்து எத்தனை டிகிரி, எந்தப் பக்கம் என்பதை ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் அந்த நேரத்துக்கே பார்த்துக்கொள்ளுங்கள். கையை நீட்டினால் நடு மூன்று விரல்களின் அகலம் சுமார் 5 டிகிரி. 7×50 அல்லது 10×50 பைனாகுலரில் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 50 முன் லென்ஸின் விட்டம் மி.மீ.யில்) 6, 7 டிகிரி வானம் அடங்கும்.

பலர் தவறவிடுவது ஃபோகஸில்தான். வெறும் நீல வானத்தில் கண்ணுக்குப் பிடிமானம் கிடையாது. ஃபோகஸ் சற்று விலகினாலும் வால்நட்சத்திரம் நீலத்தில் கரைந்துவிடும். முந்தைய இரவே ஒரு நட்சத்திரத்தில் ஃபோகஸ் செய்து, திருகின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

கூரை விளிம்பிலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தேடுங்கள். சிறிய வெண்புள்ளி, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் குட்டையான வால்: அதுதான். பஞ்சும் சிலந்தி இழையும் மின்னும், ஆனால் நகர்ந்துவிடும். 20 நிமிடத்தில் வானம் 5 டிகிரி நகர்வதால் வால்நட்சத்திரமும் கூரைக்குள் போகும். அப்போது பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டே பின்னால் நகர வேண்டும்.

கூரை விளிம்பை ஒட்டிய வானம் பால்போல் வெளுத்திருந்தால் அன்று விட்டுவிடுங்கள். மழை விட்ட மறுநாளோ மலைப்பகுதியோ கைகொடுக்கும். குழந்தைகள் கையில் மட்டும் பைனாகுலரைக் கொடுக்காதீர்கள்.

பழகுவதற்கு வெள்ளி இருக்கிறது. சூரியனிலிருந்து 30, 40 டிகிரி விலகியிருக்கும் மாதங்களில் இதே நிழல், இதே ஃபோகஸ் முறையில் பகலில் அதைப் பிடித்துப் பாருங்கள்.