கார் கண்ணாடி இறங்கவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு இது நிச்சயம் உதவும். இங்குள்ள உப்புக்காற்றிலும் இரண்டு பருவமழையிலும் பவர் விண்டோ நின்றால், மோட்டாரைவிட வயரையும் கனெக்டரையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

சுவிட்சை அழுத்தும்போது உள்விளக்கு லேசாக மங்குகிறதா? மங்கினால் கரண்ட் போகிறது. கண்ணாடியோ மோட்டாரோ இறுகியிருக்கும். மங்கவே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் கதவைத் திறந்து, கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைத் தள்ளிப் பாருங்கள். கதவு திறக்கும்போதெல்லாம் வயர் மடங்குவது இங்கேதான். என் காரில் வயரின் வெளித்தோல் நன்றாகவே இருந்தது. இழுத்தேன், ரப்பர் பேண்ட் போல நீண்டது! உள்ளே செம்பு அறுந்து பச்சையாகப் பொடிந்திருந்தது.

இரண்டு வயர் மட்டும் வரும் மோட்டார் என்றால், கனெக்டரைக் கழற்றி ஃபியூஸ் வைத்த 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுங்கள். இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் ஓடும். ஓடினால் மோட்டார் நல்லதுதான். கூடுதல் வயர் உள்ள மோட்டாரில் இதைச் செய்யவே வேண்டாம், உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கும்.

அறுந்த வயரை இணைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். அதே தடிமனில் புது வயர் போட்டு, இணைப்பு மடங்கும் இடத்தில் வராமல் தள்ளி வையுங்கள். சால்டர் வைத்த இடம் விறைத்து, மடங்க மடங்க மறுபடி ஒடியும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள், வயரே எரியும்.