ஒரே வேலைக்கு இரண்டு டேக்: எடிட்டர் வடிகட்டியைச் சரியாக எழுதுவது எப்படி?

காசிமேட்டில் வஞ்சிரம் என்று வாங்குகிற மீனைத் தூத்துக்குடியில் சீலா என்பார்கள். இரண்டு பெயரிலும் கணக்கு எழுதினால் மாலையில் இருப்பு ஒத்துவராது. இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல் மொழியிலும் இந்தத் தொல்லை உண்டு. அதில் உரையைச் சுற்றி இடும் குறிக்கு டேக் என்று பெயர்; ஒரே வேலைக்கு இரண்டு டேக் இருக்கும். தடித்த எழுத்துக்கு 'பி', 'ஸ்ட்ராங்'. சாய்ந்த எழுத்துக்கு 'ஐ', 'ஈஎம்'.

தண்டையார்பேட்டையிலிருந்து நாங்கள் நடத்தும் சிறு தளத்தில், ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது என்று ஒரு வரி. அந்த '1856' தடித்திருந்தது. கட்டுரை எழுதும் எடிட்டரில் தடிப்புப் பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் தடிப்பு போகவில்லை. நான் எழுதிய பொத்தான் 'ஸ்ட்ராங்'கை மட்டுமே தேடியது. உள்ளே இருந்ததோ 'பி'.

இதற்கு மருந்து ஒரு வடிகட்டி: எடிட்டருக்குள் வரும் உரையில் இரட்டை டேக்குகளை ஒன்றாக்கும் நிரல். அதற்கு முதலில் ஒரு மாற்றுப் பட்டியல் போடுங்கள்: 'பி' வந்தால் 'ஸ்ட்ராங்', 'ஐ' வந்தால் 'ஈஎம்', 'ஸ்ட்ரைக்' வந்தால் 'எஸ்' (இவை எழுத்தின் குறுக்கே கோடு போடுபவை). எச்.டி.எம்.எல் 5-இல் 'ஸ்ட்ரைக்' வழக்கொழிந்துவிட்டது. 'ஸ்ட்ராங்' முக்கியத்துவத்தைச் சொல்வது, 'பி' வெறுமனே கண்ணை இழுப்பது என்ற வேறுபாடு உண்மைதான். ஆனால் ஒரே பொத்தான் உள்ள எடிட்டரில் அதை யார் பிரித்துச் சொல்வார்கள்? 'டெல்' டேக்கை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது நீக்கப்பட்ட உரையைக் குறிப்பது, பொருளே வேறு.

அடுத்து, தேடி மாற்றும் குறுக்குவழி வேண்டாம். நான் போய் விழுந்த குழி இது. கோண அடைப்புக்குறியை அடுத்து 'பி' வந்தால் 'ஸ்ட்ராங்' என்று மாற்றச் சொன்னேன். வரியை முறிக்கும் 'பிஆர்' டேக்கும் 'பி'யில்தானே தொடங்குகிறது? அது 'ஸ்ட்ராங்ஆர்' ஆகிவிட்டது. அப்படி ஒரு டேக்கே கிடையாது. வரிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உரையை உலாவியிலேயே உள்ள டாம்பார்சர் என்ற கருவியிடம் கொடுத்து, டேக்குக்குள் டேக்காகக் கிளைக்கும் மரமாக்கிக்கொண்டு, அதில் வேலை செய்யுங்கள்.

மரத்தில் ஒரு டேக்கின் பெயரை நேரடியாக மாற்ற முடியாது. புதிதாக 'ஸ்ட்ராங்' ஒன்றை உருவாக்கி, பழையதன் உள்ளடக்கத்தை அதற்குள் நகர்த்தி, பழையதன் இடத்தில் அதை வையுங்கள். மாற்ற வேண்டிய டேக்குகளைக் குவெரிசெலக்டர்ஆல் என்ற கட்டளை கொண்டு எடுங்கள்; அது தரும் பட்டியல் இடையில் மாறாது. கெட்எலிமெண்ட்ஸ்பைடேக்நேம் என்ற கட்டளை தருவதோ உயிருள்ள பட்டியல். ஒன்றை மாற்றியதுமே அது சுருங்கும். முன்னிருந்து எண்ணிக்கொண்டே போனால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும்.

இனிமேல்தான் வேடிக்கை. கூகுள் டாக்ஸிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது முழு உரையையும் ஒரு 'பி' டேக் சுற்றி வரும். அதன் பாணியில் எழுத்துத் தடிமன் 'நார்மல்' என்றிருக்கும். அதாவது, தடிக்காத தடிப்பு! உண்மையில் தடித்த சொற்கள், தனக்கென்று பொருள் இல்லாத 'ஸ்பான்' டேக்குகளில், 700 என்ற தடிமனோடு இருக்கும். எனவே தடிமன் 'நார்மல்' என்றுள்ள 'பி'யை முதலில் உரித்தெடுங்கள், அதாவது டேக்கை மட்டும் நீக்கி உள்ளடக்கத்தை விட்டுவையுங்கள். 700 உள்ள 'ஸ்பான்'களை 'ஸ்ட்ராங்' ஆக்குங்கள். பிறகே மற்ற 'பி'க்களுக்குப் போங்கள்.

அனுமதிக்கப்படாத டேக்குகளை நீக்குவது கடைசி வேலை. அதை முதலில் செய்தால், அனுமதிப் பட்டியலில் இல்லாத 'பி' உரிந்து தடிப்பும் கூடவே போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் வடிகட்டியை ஒரே உரைமீது இருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. பிறகு 'ஸ்ட்ராங்'குக்குள் 'ஸ்ட்ராங்' எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உள்ளிருப்பதை உரித்துவிடுங்கள். ஏற்கெனவே சேமித்த கட்டுரைகளையும் எடிட்டரில் திறக்கும்போது இதே வடிகட்டி வழியாக அனுப்புங்கள். எங்கள் '1856' அப்படித்தான் சரியானது.