தென்னாப்பிரிக்காவுக்கு அடியில் இருக்கும் பெருந்திட்டை வீட்டுக் கணினியில் அளப்பது எப்படி?

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ நாம் நிற்கும் தரைக்குச் சுமார் 2,890 கி.மீ. கீழே பாறைக் கவசம் முடிந்து, உருகிய இரும்பாலான வெளிக்கருவம் தொடங்குகிறது. அந்த எல்லையின் மேல் கண்டம் அளவுக்குப் பரந்த இரண்டு திட்டுகள் இருக்கின்றன. ஒன்று பசிபிக் கடலுக்கு அடியில் இருக்கிறது. மற்றது ஆப்பிரிக்காவுக்கு அடியில் கிடக்கிறது. புவியியலாளர் டூசோ வில்சன் நினைவாக அதை 'டூசோ' என்கிறார்கள். நிலநடுக்கத்தின் எஸ் அலை (செல்லும் திசைக்குச் செங்குத்தாகப் பாறையை ஆட்டும் அலை) இவற்றுக்குள் ஏறக்குறைய 2 முதல் 3 விழுக்காடு மெதுவாகப் போகிறது. அளந்து கண்டது இந்த மெதுவேகத்தைத்தான். இந்தத் திட்டுகள் எப்படிப் பிறந்தன என்ற கதைகள் எல்லாம் அதற்கு மேல் கட்டியவை. ஆகவே முதலில் அளந்து பார்த்துவிடுங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மெட்ரிக் இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு இது ஒரு வார இறுதி வேலை. கணினி, இணையம், பைத்தான், அதில் நிலநடுக்கப் பதிவுகளைக் கையாளும் 'ஆப்ஸ்பை' என்ற இலவசத் தொகுப்பு, இவ்வளவு போதும்.

நிலநடுக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கட்டும். ஆழம் 300 கி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. ஆழமில்லாத நடுக்கத்தில் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலைகள் சில நொடிகளிலேயே பின்தொடர்ந்து வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். நடுக்கத்துக்கும் பதிவு நிலையத்துக்கும் உள்ள தொலைவு 85 முதல் 95 பாகை (பூமியின் மையத்தில் அளக்கும் கோணம்). நமக்கு வாய்ப்பான இடம் இந்தோனேசியாவின் பாலி, ஃபுளோரஸ் கடல்கள். 2023 ஆகஸ்ட் 28 அன்று (உலக நேரம்) பாலி கடலுக்கு அடியில், 500 கி.மீ.க்கும் கீழே, நம் வரம்பைச் சற்றே தாண்டி 7.1 அளவில் ஒன்று நிகழ்ந்தது. அங்கிருந்து போஷாஃப், சதர்லாந்து, பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் லொபாட்சி ஆகிய நிலையங்கள் 87 முதல் 91 பாகைக்குள் வருகின்றன. நிலையம் அன்று இயங்கியதா என்பதைத் தரவுப் பட்டியலில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நடுக்கம் தொடங்கிய நொடியிலிருந்து 40 நிமிடத் தரவை, மூன்று திசைகளுக்கும் சேர்த்து எடுங்கள். மின்வெட்டு வரும் பகுதியில் இருந்தால் எடுத்தவுடன் மினிசீட் என்ற நிலநடுக்கத் தரவுக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பிறகு கருவியின் தன்மையை நீக்கி, 10 முதல் 50 நொடி அலைநேரத்துக்கு வடிகட்டுங்கள். அடுத்து, வடக்கு–கிழக்குப் பதிவுகளை ஆரத்திசை (நடுக்கத்திலிருந்து நிலையத்தை நோக்கிய திசை), குறுக்குத்திசை (அதற்குச் செங்குத்தான கிடைத்திசை) எனத் திருப்புங்கள். இந்தத் திருப்பலைத் தவிர்க்கவே கூடாது. எஸ்கேஎஸ் என்னும் அலை கவசத்தில் எஸ் அலையாக இறங்கி, திரவக் கருவத்தைப் பி அலையாக (செல்லும் திசையிலேயே அழுத்தித் தளர்த்தும் அலையாக) கடந்து, மறுபடி எஸ் அலையாக ஏறுகிறது. பி அலையாக இருந்தபோது பக்கவாட்டு ஆட்டம் முழுக்கத் தொலைந்துவிடுவதால், அது ஆரத்திசையில் மட்டுமே எழும். கருவத்தைத் தொடாத நேர் எஸ் அலை குறுக்குத்திசையிலும் தெளிவாக எழும். இரண்டையும் அடுத்தடுத்து வரைந்தால் எது எது என்று கண்ணே சொல்லும். இந்தத் தொலைவில் எஸ்கேஎஸ் முந்தி வரும்.

ஆப்ஸ்பையிலேயே இருக்கும் 'டௌ-பி' என்ற பயண நேரக் கருவியில், பூமியின் சராசரி அலைவேகங்களைத் தரும் 'ஐயாஸ்ப்91' மாதிரியை வைத்து இரண்டுக்கும் எதிர்பார்க்கும் நேரத்தைக் கணக்கிட்டு, பதிவில் கண்டதிலிருந்து கழியுங்கள். எவ்வளவு தாமதம் வரலாம்? கவசத்தின் அடியில் எஸ் அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. 1,000 கி.மீ. பாதைக்கு 143 நொடி ஆகும். அதில் 3 விழுக்காடு என்றால் 4 நொடிக்குச் சற்று மேல். உங்களுக்கு 15 நொடி வந்தால் அது திட்டு இல்லை, தவறான அலையைப் பிடித்திருக்கிறீர்கள்.

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. நடுக்கத்தின் நேரமும் ஆழமும் சற்றுப் பிசகியிருந்தால் எல்லா நிலையங்களிலும் ஏறக்குறைய ஒரே தாமதம் வரும். அதனால் தனித் தாமதத்தை நம்பாமல், எஸ்ஸுக்கும் எஸ்கேஎஸ்ஸுக்கும் உள்ள இடைவெளியையும் நிலையத்துக்கு நிலையம் உள்ள வேறுபாட்டையும் பாருங்கள். குறுக்குத்திசையில் எஸ்கேஎஸ் சற்றே தலைகாட்டினால் பதற வேண்டாம். மேல்கவசப் பாறையின் திசைச்சார்பு (திசைக்குத் திசை அலைவேகம் மாறும் தன்மை) அதைப் பிளப்பதால் அப்படி வரும். பெரிதாகத் தெரிந்தால் கருவியின் திசைக்கோணத்தைச் சரிபாருங்கள். 95 பாகையை நெருங்கும்போது கருவத்தில் பட்டுத் திரும்பும் எஸ்சிஎஸ் அலை எஸ்ஸோடு ஒட்டிக்கொள்ளும். 100-ஐத் தாண்டினால் எஸ் கருவத்தின் விளிம்பை ஒட்டி வளைந்து வரும் அலையாகிவிடும்.

அடுத்து, எஸ்கேஎஸ் கருவத்தை விட்டு வெளியேறும் புள்ளிகளை டௌ-பியில் எடுத்து வரைபடத்தில் குறியுங்கள். 'சப்மெஷின்' இணையக் கருவியில் கவசத்தின் எஸ் வேகத்தைக் காட்டும் 'எஸ்40ஆர்டிஎஸ்' மாதிரியின் 2,800 கி.மீ. ஆழ வெட்டை அதன் கீழ் வையுங்கள். அதில் சிவப்பு மெதுவான பகுதியைக் குறிக்கும். சிவப்புக்குள் விழும் புள்ளிகளும் வெளியே விழும் புள்ளிகளும் வேறு தாமதம் காட்டுகின்றனவா என்பதே கேள்வி. ஒரு எச்சரிக்கை: சிவப்பு என்றால் உருகிய குழம்பு என்று எண்ணிவிடாதீர்கள். எஸ் அலை திரவத்தில் போகாது, இதற்குள் போகிறது. அப்படியானால் இது திடப் பாறைதான். மூன்று நிலையங்கள் போதாது என்று தோன்றினால், 1997–1999இல் காப்வால் என்ற நிலநடுக்க ஆய்வுத் திட்டத்துக்காகத் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே முழுக்க 80 இடங்களுக்கு மேல் வைத்த கருவிகளின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. திட்டின் விளிம்பு கூர்மையானது என்று காட்டியதில் அந்த வலையமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கூர்மைதான் பிறப்பைப் பற்றிய விவாதத்தின் முதல் பிடி. வெறும் வெப்பம் என்றால் விளிம்பு பரவலாக மங்க வேண்டும். கூர்மையாக இருப்பதால் பொருளே வேறோ என்று ஐயம் எழுகிறது. எங்கிருந்து வந்திருக்கும்? கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கவசத்துக்குள் அமிழ்ந்த கடல்தரையின் பசால்ட் (எரிமலைப் பாறை) படிவு என்பது ஒரு கருத்து. தொடக்கக் காலத்தில் கவசத்தின் அடியில் தேங்கிய பாறைக்குழம்புக் கடல் உறைந்தபோது மிஞ்சிய, இரும்பு மிகுந்த எச்சம் என்பது இன்னொன்று. நிலவைப் பிறப்பித்த மோதலில் பூமியோடு கலந்த 'தெயா' கோளின் துண்டு என்று 2023இல் ஒரு கணினி ஆய்வு முன்வைத்தது. அதில் தெயாவின் கவசம் பூமியுடையதைவிட 2 முதல் 3.5 விழுக்காடு அடர்த்தியானது என்று கொண்டார்கள். மூன்றில் இதுதான் அதிகம் பரவியது. ஆனால் திட்டின் அடர்த்தி பற்றியே இன்னும் ஒத்த முடிவில்லை. 2017இல் புவியின் ஓதத்தை (நிலவும் சூரியனும் இழுப்பதால் திடப் பூமி ஏறி இறங்குவதை) வைத்துச் செய்த ஆய்வு, திட்டுகளின் கீழ்ப்பகுதி சுமார் 0.5 விழுக்காடு கனமானது என்றது. அதே ஆண்டு புவியின் அதிர்வுமுறைகளை (பெரும் நடுக்கத்துக்குப் பின் பூமி முழுவதும் மணிபோல் அதிரும் விதங்களை) வைத்துச் செய்த மற்றோர் ஆய்வு எடை குறைவு என்றது.

உங்கள் எஸ் தாமதத்தை மட்டும் வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்குப் பி அலையும் வேண்டும். திட்டின் ஊடாகப் போகும் பி அலையை நிலைக்குத்துப் பதிவில் அளந்து, அது எத்தனை விழுக்காடு மெதுவாகியிருக்கிறது என்று கணக்கிட்டு எஸ்ஸின் விழுக்காட்டோடு ஒப்பிடுங்கள். எஸ்ஸின் குறைவு பியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் போனால், வெப்பத்தால் மட்டும் அதை விளக்குவது கடினம். பி அலை உயர் அலைவெண் கொண்டது, தாமதம் ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். அதனால் 1 முதல் 5 நொடி அலைநேரத்துக்கு வடிகட்டி, நிலையங்களை ஒன்றோடொன்று பொருத்தி அளந்தால்தான் அந்த விகிதத்துக்கு மதிப்பு உண்டு.