எடுத்த பக்கம் எடுத்ததாகவே தெரிய: அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், ஐஐஎஸ் மூன்றிலும் 404 பக்கம்

காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவரின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளி முடிந்ததும் ‘தீபாவளிப் பெட்டி’ பக்கத்தைத் தூக்கிவிட்டேன். மாசி பிறந்தும் போன் நிற்கவில்லை. “கூகுள்ல பெட்டி இருக்குன்னு காட்டுதாம். எடுத்தாச்சுன்னியே தம்பி, எங்க எடுத்தே?” என்றார் ஆச்சி. தப்பு என்னுடையதுதான். அதைக் கீழே சொல்கிறேன்.

404 என்பது ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று சர்வர் சொல்லும் எண். முதலில் 404.எச்டிஎம்எல் என்று ஒரு பக்கம் எழுதித் தளத்தின் மூல ஃபோல்டரில் போடுங்கள். ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று ஒரு வரி, பலகாரப் பட்டியலுக்கு ஒரு இணைப்பு, அவ்வளவு போதும். ஆடும் படமெல்லாம் வேண்டாம்.

அதில் வரும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்பு), படம், இணைப்பு எல்லாவற்றின் முகவரியும் சாய்கோட்டில் (/) தொடங்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் ‘பக்கத்து அறை’ என்றால் வளவில் நிற்பவருக்கு ஒன்று, இரண்டாங்கட்டில் நிற்பவருக்கு வேறொன்று. ‘முகப்பிலிருந்து மூன்றாவது அறை’ என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். சாய்கோடுதான் முகப்பு. அது இல்லாவிட்டால், /பலகாரம்/பழசு/சீடை என்று ஆழமான முகவரியில் தவறி வந்தவருக்கு சிஎஸ்எஸ் கிடைக்காமல் பக்கம் மொட்டையாக நிற்கும்.

இனி சர்வர், அதாவது கேட்ட பக்கத்தை எடுத்து அனுப்பும் மென்பொருள். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், ஐஐஎஸ் மூன்றும் அதுதான். கட்டளைகளைப் படிக்கத் தமிழில் எழுதுகிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

அப்பாச்சியில் டாட் எச்டிஆக்சஸ் கோப்பில் ஒரே வரி:

எரர்டாக்குமென்ட் 404 /404.எச்டிஎம்எல்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். சாய்கோட்டுக்குப் பதில் எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழு முகவரியையும் கொடுத்திருந்தேன். பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் முழு முகவரி கொடுத்தால் அப்பாச்சி 404 சொல்லாது; 302 சொல்லி, அதாவது ‘தற்காலிகமாக வேறிடம்’ என்று சொல்லி, அந்த முகவரிக்குத் திருப்பிவிடும். அங்கே போனால் 200, ‘எல்லாம் நலம்’. எடுத்த பக்கம் போய்விட்டது என்று கூகுளுக்கு யாருமே சொல்லவில்லை! டொமைனை அழித்துவிட்டுச் சாய்கோட்டோடு நிறுத்தினேன், சரியாகிவிட்டது. அந்த வரி வேலையே செய்யாவிட்டால், சர்வரின் முதன்மை அமைப்பில் அலவ்ஓவர்ரைட் ‘நன்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஃபைல்இன்ஃபோ’ என்று மாற்றினால் போதும்.

என்ஜின்எக்ஸ் எனக்குப் பிடித்தது, எல்லாம் ஒரே கோப்பில் கண்முன் இருக்கும். சர்வர் அடைப்புக்குள்:

எரர்_பேஜ் 404 /404.எச்டிஎம்எல்;

இங்கேயும் முழு முகவரி கொடுத்தால் அதே 302 கதைதான். சில இடங்களில் நடுவே ‘=200’ சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதீர்கள். ரீலோட் செய்யுமுன் ‘என்ஜின்எக்ஸ் -டி’ (டெஸ்ட்டின் டி, சிறிய எழுத்து) அடித்துப் பிழை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஐஎஸ்ஸில் வெப்.கான்ஃபிக் கோப்பின் எச்டிடிபிஎரர்ஸ் பகுதியில் பழைய 404 வரியை ரிமூவ் செய்துவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும். ரெஸ்பான்ஸ்மோடு ‘ஃபைல்’ என்று இருக்கட்டும். ‘ரீடைரக்ட்’ என்றால் மறுபடி 302. சர்வர் இருக்கும் கணினியிலேயே திறந்து பார்த்து ஏமாறாதீர்கள். இயல்பாக அங்கே விரிவான பிழைச்செய்திதான் வரும், உங்கள் பக்கம் வெளியாட்களுக்கு மட்டும். போனில் பாருங்கள்.

மூன்றுக்கும் கடைசிச் சோதனை ஒன்றுதான். பிரவுசரில் பார்ப்பதை நான் நம்புவதில்லை, அது எண்ணைக் காட்டாது. டெர்மினலில் ‘கர்ல் -ஐ’ (ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ) அடித்து, இல்லாத ஒரு முகவரியைக் கொடுங்கள். முதல் வரியில் 404 வர வேண்டும்.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒருவர், என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் நோட் செயலி (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்) ஓடுகிறது, எரர்_பேஜ் வரியை அது மதிக்கவே இல்லை என்று எழுதியிருந்தார். செயலியே ஒரு 404 பக்கம் அனுப்பினால் என்ஜின்எக்ஸ் அதை அப்படியே கடத்திவிடும். ‘பிராக்ஸி_இன்டர்செப்ட்_எரர்ஸ் ஆன்’ சேர்க்க வேண்டும். பிஎச்பி என்றால் ‘பிராக்ஸி’ இடத்தில் ‘ஃபாஸ்ட்சிஜிஐ’.

ஆச்சியின் 404 பக்கத்தில் இப்போது அவர் சொல்லி ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘பெட்டி அடுத்த தீபாவளிக்கு, தேன்குழல் எப்போதும் உண்டு.’