கிளிப்லெஸ் பெடலில் நின்ற இடத்தில் விழாமல் இருக்க

ஷூவின் அடியைத் தன்னோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறுகிறவர்கள் வேகமாகப் போகும்போது விழுவது அபூர்வம். சிக்னலில், வீட்டு கேட்டுக்கு முன்னால், யூ டர்ன் முனையில், டீக்கடை வாசலில்தான் விழுகிறார்கள். சைக்கிள் நின்ற மறு நொடி, வெட்டிய வாழைமரம் போலப் பக்கவாட்டில் சாய்வு. கால் பெடலில் மாட்டியிருப்பது நினைவுக்கு வரும்போது சைக்கிள் ஏற்கெனவே சாயத் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு நேரம் இல்லை. அந்தப் பதற்றத்தில் கால் செய்யும் அசைவும் தவறானது. சாதாரண பெடலில் பல வருடம் பழகிய கால், மேலே தூக்கவோ பக்கத்தில் இழுக்கவோ பார்க்கும். இந்தப் பெடலோ குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும்.

ஆகவே பழக வேண்டியவை இரண்டு: குதிகாலைத் திருப்புவது, அதை நிற்பதற்கு முன்பே செய்வது. முதலாவது ஒரு மாலையில் வந்துவிடும். ஆட்களைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

காலைப் பூட்டிக்கொள்ளும் பெடலுக்கு ‘கிளிப் இல்லாதது’ என்று பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பழைய பந்தய சைக்கிள்களில் கால்விரல்களை மூடும் கூண்டும் வாரும் இருந்தன. அந்தக் கூண்டுதான் டோ கிளிப். பனிச்சறுக்குக் காலணிகளுக்குப் பூட்டு செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லுக், 1984இல் கூண்டு இல்லாத பெடலைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு சைக்கிள் வீரர் பெர்னார்ட் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். ஷிமானோ நிறுவனத்தின் எஸ்.பி.டி. என்ற பெடல் வகை வந்தது 1990இல். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இந்த எஸ்.பி.டி.யைத்தான்.

எதை வாங்குவது

ஷூவின் அடியில் இரண்டு போல்ட்டில் மாட்டி, பெடலில் பூட்டிக்கொள்ளும் சிறிய இரும்புத் துண்டான கிளீட், இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய பெடல். ஷிமானோ எம்520 இந்த வகை. பெடல் எப்படிப் புரண்டிருந்தாலும் கால் மாட்டும், குனிந்து பார்க்க வேண்டாம். கிளீட் ஷூவின் அடிக்குள் பதிந்திருப்பதால் இறங்கி நடக்கவும் முடியும். மூன்று போல்ட் ரோடு பெடலில் ஒரு பக்கம்தான் மாட்டும். அதன் பிளாஸ்டிக் கிளீட் டைல்ஸ் தரையில் வழுக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிளீட்டிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பெடலோடு வருவது வழக்கமாக எஸ்.எச். 51. இது குதிகால் பக்கவாட்டில் திரும்பினால் மட்டுமே விடும். தனியாகக் கிடைக்கும் எஸ்.எச். 56, காலை மேல்நோக்கிச் சாய்வாகப் பலமாக இழுத்தாலும் விட்டுவிடும். பதற்றத்தில் தவறாக இழுக்கும் காலை அது பல நேரம் காப்பாற்றும். முதல் சில மாதங்களுக்கு அதையே போடுங்கள். ஆனால் அதை நம்பிக் குதிகால் திருப்பும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். நேர் பின்னால் இழுத்தால் அதுவும் விடாது.

பொருத்துவதும் தளர்த்துவதும்

இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். குழப்பமாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்: ஸ்பேனர் மேலே நிற்கும்போது அதைச் சைக்கிளின் முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றும்போது படாத பாடு படுவீர்கள்.

கிளீட்டின் நடுப்பகுதி, பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் புடைத்திருக்கும் எலும்புகளுக்கு இடையில் வரட்டும். முன்னால் தள்ளி வைப்பதை விடச் சற்றுப் பின்னால் இருப்பது நல்லது. கெண்டைக்கால் சோராது. போல்ட்டுக்கு 4 மில்லிமீட்டர் ஆலன் கீ, இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கிளீட்டைத் திருகிப் பாருங்கள், துளியும் அசையக் கூடாது. இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதல் 20, 30 கிலோமீட்டர் கழித்து மறுபடி இறுக்க வேண்டும், ஏனென்றால் கிளீட் ஷூவின் அடியில் பதிந்து அமரும்போது போல்ட் தளரும்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. இரண்டில் ஒரு போல்ட் தளர்ந்தோ விழுந்தோ போனால், குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும். கிளீட் பெடலிலேயே நிற்கும். எவ்வளவு பழகியவரானாலும் அன்று விழுவார். ஓடும்போதே இதை உணர்ந்தால் நிற்க முயலாதீர்கள். மெதுவாக மிதித்துக்கொண்டே ஒரு கம்பமோ சுவரோ பார்த்துப் பிடித்து நில்லுங்கள். ஷூவின் பட்டையைத் தளர்த்திக் காலை வெளியே எடுத்துவிட்டு, பிறகு பெடலோடு மல்லுக்கட்டலாம்.

அடுத்தது, கிளீட்டைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங். பெடலின் முன்னும் பின்னும் ஒரு சிறிய திருகு இருக்கும். எம்520இல் அதற்கு 3 மில்லிமீட்டர் ஆலன் கீ. கழித்தல் குறி காட்டும் பக்கம், ஒவ்வொரு ‘டக்’காக, குறைந்தபட்ச அளவு வரை தளர்த்துங்கள். அதற்கும் கீழே போனால் திருகு கழன்றுவிடும். இரண்டு பெடல், இரண்டு பக்கம், ஆக நான்கு ஸ்பிரிங். மூன்றைத் தளர்த்தி ஒன்றை மறந்துவிட்டால், கால் ஒரு நேரம் எளிதாக விடும், இன்னொரு நேரம் விடாது. அதை விட மோசமான ஆசிரியர் கிடையாது.

சுவரோரம், பிறகு புல்தரை

ஒரு தோள் சுவரில் சாய்ந்திருக்க, பிரேக் பிடித்தபடி சைக்கிளில் உட்காருங்கள். ஷூவின் முனையை முதலில் பெடலுக்குள் செலுத்தி, பிறகு பாதத்தைக் கீழே அழுத்துங்கள். சத்தம் கேட்கும். விடுவிக்க, முட்டியை அசைக்காமல் குதிகாலை மட்டும் வெளிப்பக்கம் தள்ளுங்கள். சிகரெட் துண்டை நசுக்கும் அசைவு. பெடல் கீழே இருக்கும்போது இது எளிதாக வரும். ஒவ்வொரு காலுக்கும் 30 முறை. அடுத்து கண்ணை மூடிக்கொண்டு 10 முறை. ஷூ தளர்வாக இருந்தால் பாதம் உள்ளேயே திரும்பி, கிளீட் திரும்பாது. பட்டையை இறுக்குங்கள். ஷூவின் ரப்பர்ப் பற்கள் பெடலில் உரசித் திரும்ப முடியாமல் செய்தால் அந்தப் பற்களைக் கத்தியால் கொஞ்சம் சீவிவிடலாம்.

அதன்பின் சமதளமான புல்தரை. பள்ளி மைதானத்தின் ஓரம் போதும், அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். தார்ச்சாலைக்கு வரும் முன் இங்கே 20 முறையாவது நின்று புறப்பட வேண்டும்.

நிற்கும் முறை

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வண்டிகள் வலப்பக்கம் வரும். எனவே எப்போதும் இடது காலை விடுவித்து இடப்பக்கம் ஊன்றுவதே முறை. செயின் வலப்பக்கம் இருப்பதால் கெண்டைக்காலில் கிரீஸும் படாது. வலது காலையும் பழக்குங்கள், ஆனால் அது அவசரத்துக்கு.

நிற்க வேண்டிய இடத்துக்கு 15 மீட்டர் முன்பே, இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே, இலகுவான கியருக்கு மாறிவிட்டு, இடது பெடல் கீழே வந்ததும் காலை விடுவியுங்கள். விடுவித்த காலைப் பெடல் மேலேயே வைக்க நேர்ந்தால் பாதத்தின் நடுவை வையுங்கள். கிளீட்டை வைத்தால் தெரியாமல் மறுபடி பூட்டிக்கொள்ளும். ‘விடுவித்துவிட்டேனே’ என்று நம்பி விழுகிறவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள். அடுத்து அரைச் சுற்று மிதித்து வலது பெடலைக் கீழே கொண்டுவாருங்கள். அதன் மேல் எழுந்து நின்று, சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்து, பிரேக்கை இறுக்கி, இடது காலை ஊன்றுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே தரையை எட்டப் பார்த்தால் நுனிவிரல்தான் படும். சைக்கிள் எந்தப் பக்கமும் சாயலாம்.

இடது கால் விடுபட்டிருக்க, சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இதுவே அதிகம் நடப்பது. தடுக்க ஒரு நுணுக்கம்: கடைசி அரை மீட்டரில் ஹேண்டில்பாரை இலேசாக வலப்பக்கம் திருப்புங்கள். முன்சக்கரம் வலப்பக்கம் நகரும்போது உங்கள் எடை இடப்பக்கம் சாயும், ஊன்றக் காத்திருக்கும் கால் மீது. புல்தரையில் இதை மட்டும் தனியாகப் பத்து முறை செய்து பாருங்கள்.

புறப்படும்போது வலது பெடலை, கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடத்துக்குப் பின்னோக்கித் தூக்குங்கள். பூட்டிய கால் என்பதால் அது கூடவே வரும். ஓங்கி ஒரு மிதி, சீட்டில் உட்காருங்கள், வேகம் வரட்டும், பிறகு இடது காலை மாட்டுங்கள். மாட்டவில்லை என்றால் குனிந்து தேடாமல் நாலைந்து சுற்று சும்மா மிதித்துவிட்டு மறுபடி முயலுங்கள். சிக்னலைக் கடக்கும் நடுவழியில் பெடலைப் பார்ப்பது விழுவதை விட ஆபத்து.

ஏற்றம்தான் கடினமான பாடம். ஏறும்போது மிதிப்பதை நிறுத்தினால் ஒரு நொடியில் வேகம் செத்துவிடும். கியர் சிக்கினாலோ செயின் கழன்றாலோ முதல் வேலை காலை விடுவிப்பது. கியரை அப்புறம் சரிசெய்யலாம். ஏற்றத்தில் மறுபடி புறப்பட முடியவில்லை என்றால், வண்டி வராதபோது சாலைக்குக் குறுக்காகத் திருப்பிப் புறப்படுங்கள். குறுகிய யூ டர்ன், மாடு நிற்கும் தெரு, குறுக்கே வரும் நாய், கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் திடீரென்று தயங்குவது: சந்தேகம் வந்தாலே இடது கால் வெளியே வரட்டும். பயன்படாமல் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

விழுந்துவிட்டால்

சாய்வது உறுதியானதும் கையை நீட்டாதீர்கள். முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும், அங்கோ காறை எலும்பிலோ முறிவு வரலாம். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, முழங்கையை மடக்கி, சைக்கிளோடு சாயுங்கள். இடுப்பின் பக்கமும் தோளும் அடியைப் பங்கிட்டுக்கொள்ளும். கையுறையும் ஹெல்மெட்டும் புல்தரையிலும் இருக்கட்டும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு நின்ற இடத்தில் விழுவதே இடுப்பு முறிவாகலாம். அவர்கள் சாதாரண பெடலிலேயே ஓட்டுவது நல்லது.

பார்க்கிறவர்கள் முன் வெட்கப்பட்டு உடனே எழுந்து ஓட்டிப் போய்விடுவது இயல்பு. தயவுசெய்து ஓரமாக ஒதுங்கி இரண்டு நிமிடம் நில்லுங்கள். கட்டைவிரலின் அடிப்பகுதியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் அழுத்தினால் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்குள்ள சின்ன எலும்பின் முறிவு சுளுக்கு போலவே தெரியும். சைக்கிள் வலப்பக்கம் விழுந்திருந்தால், ஆர்.டி. என்று நாம் சொல்லும் பின் கியர் மாற்றியும் அதைத் தாங்கும் ஹேங்கரும் உள்பக்கம் வளைந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் ஏற்றத்துக்கான பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால், ஆர்.டி. ஆரக்கம்பிக்குள் புகுந்து சக்கரத்தையே பாழாக்கும். பின்னாலிருந்து குனிந்து, அது பல்சக்கரங்களுக்கு நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் என்றால் பிரேக் லீவரும் சீட்டும் திரும்பியிருக்கும், நேராக்கினால் போதும்.

கால் யோசிக்காமல் திரும்பத் தொடங்கியதும், பெரும்பாலும் சில வாரங்களில், ஸ்பிரிங்கை ஒரே சமயத்தில் ஓரிரு ‘டக்’ மட்டும், நான்கிலும் ஒரே எண்ணிக்கையில் கூட்டுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது கால் தானாக விடுபடாத அளவு போதும், அதற்கு மேல் இறுக்கத் தேவையில்லை. சேற்றிலோ மணலிலோ நடந்துவிட்டு ஏறும் முன் ஷூவின் அடியைத் தட்டிவிடுங்கள். மாதம் ஒரு முறை ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கிளீட் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று இறுக்கிப் பாருங்கள்.